பத்துப் பந்து, ஆறு நிற்க வேண்டும்

பத்துக்கு ஆறு சார். ஆறு ஒரு பெரிய எண்ணா? பரீட்சையில் அறுபது மார்க் வாங்குகிற பையனுக்கு யாராவது மாலை போடுகிறார்களா? அந்த ஆறுதான் எனக்கு வரவில்லை.

வண்டி இப்போதைக்கு நகராது, நிதானமாக உட்காருங்கள். முன்னால் மரம் விழுந்திருக்கிறது. ரம்பம் குன்னூரிலிருந்து வர வேண்டும். ரம்பம் வந்தால் ஆள் வந்திருக்க மாட்டான், ஆள் வந்தால் ரம்பத்தில் பெட்ரோல் இருக்காது. சாரல் அடிக்கிறதா? கொஞ்சம் இப்படித் தள்ளிக்கொள்ளுங்கள்.

என்ன வேலை என்று கேட்டீர்கள் அல்லவா. கேடி. கோல்ஃப் கிளப்பில் மெம்பரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கூடவே நடக்கிறவன். இந்த மாசக் கடைசி வரைக்கும் கேடி, அப்புறம் இல்லை. கிளப்பில் பேட்டரி வண்டி இருபது வாங்கிவிட்டார்கள். பையும் வண்டியில் போகும், மெம்பரும் வண்டியில் போவார். நாங்கள் எதற்கு? நாற்பத்தைந்து தாண்டியவர்கள் எல்லாம் பேட்ஜைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று போன செப்டம்பரில் போர்டில் ஒட்டினார்கள். எனக்கு நாற்பத்தெட்டு.

அதே போர்டில் பக்கத்திலேயே இன்னொரு காகிதம். பயிற்சி மைதானத்தில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க கோச் தேவை. கேடிகளிலிருந்தே எடுப்பார்கள், வயது தடையில்லை. பிப்ரவரியில் தேர்வு. நூற்று நாற்பது கஜத்திலிருந்து ஏழாம் நம்பர் அயர்னில் பத்துப் பந்து அடிக்க வேண்டும், ஆறு கிரீனில் விழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அயர்ன் என்றால் இரும்புத் தலை வைத்த குச்சி. என் மாமியார் இன்னமும் நான் துணி தேய்க்கப் பழகினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். கிரீன் என்பது கடைசியில் குழியும் கொடியும் இருக்கிற இடம், புல்லைக் கம்பளம் மாதிரி ஒட்ட வெட்டியிருப்பார்கள். அதுவரைக்கும் நடந்து போகிற நீளப் புல்வெளிக்கு ஃபேர்வே என்று பெயர். இது மூன்றும் தெரிந்தால் போதும், மீதிக் கதை உங்களுக்குப் புரிந்துவிடும். எனக்குத்தான் இன்னும் புரியவில்லை.

அந்தக் காகிதத்தைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் முதலிலேயே கேடி இல்லை சார். வளைகுடாவில் பதினொரு வருஷம் இருந்தேன். அங்கேயும் கோல்ஃப் மைதானம்தான். புல் வேலை. பாலைவனத்தில் புல் எப்படி வரும்? பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள், நாங்கள் விரிப்போம், ஓரத்தை ஓரத்தோடு சேர்ப்போம், குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி மணிக்கணக்குப் பார்த்துத் தண்ணீர் காட்டுவோம். ஒரு சாண் புல் பழுத்துவிட்டால் எங்கள் மேற்பார்வையாளர் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி வந்து நிற்பார். எப்போது பார்த்தீர்கள், யார் கடைசியாகத் தண்ணீர் விட்டது, முகம் எப்போது மாறியது. புல்லின் முகம் சார்!

பதினொரு வருஷம் நான் குனிந்தே இருந்தேன். நிமிர்ந்தால் எவனாவது அடித்துக்கொண்டிருப்பான். பந்து மேலே போகும், ஒரு நொடி அங்கேயே நிற்கிற மாதிரி இருக்கும், அப்புறம் இறங்கும். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்விடுவான், அவன் பெயர்த்த பத்தையை நான் போய் எடுத்து வைப்பேன். அயர்னில் அடிக்கும்போது தேங்காய்ப் பத்தை மாதிரி ஒரு துண்டுப் புல் மண்ணோடு பெயர்ந்து பறக்கும், அதைச் சொல்கிறேன். எடுத்து வைத்து, சுற்றி மணல் போட்டு, காலால் அழுத்த வேண்டும். நாற்பது டிகிரி, நாற்பத்தைந்து டிகிரி. அப்போதே முடிவு செய்தேன். ஊருக்குப் போனால் இனி புல்லைப் பார்த்துக் குனிவதில்லை. அடிக்கிறவனாக நிற்க வேண்டும். ஒரு நாளாவது.

ஊருக்கு வந்தேன், கேடி ஆனேன். கேடிக்குத் திங்கட்கிழமை மட்டும் மைதானம். கிளப்புக்கு அன்றைக்கு விடுமுறை, மெம்பர் யாரும் வர மாட்டார், நாங்கள் ஆடிக்கொள்ளலாம். மற்ற ஆறு நாளும் பையோடு ஒரு மணல் புட்டி இடுப்பில் தொங்கும். மெம்பர் பெயர்த்த இடத்தை நிரப்ப வேண்டும். அது கேடியின் கடமை. மற்ற கேடிகள் மெம்பர் பார்த்தால் நிரப்புவார்கள், பார்க்காவிட்டால் காலால் கொஞ்சம் மண்ணைத் தள்ளிவிட்டு நடந்துவிடுவார்கள். நான் அப்படி இல்லை. பத்து வருஷத்தில் ஒரு பத்தையைத் தாண்டி நான் நடந்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். தனிஸ்லாஸ் போன ஃபேர்வேயில் தழும்பு தெரியாது என்று கர்னலே சொல்லியிருக்கிறார். தனிஸ்லாஸ் நான்தான். கர்னல் என்றால் கிளப் செக்ரட்டரி, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தமிழர்தான்.

தேர்வுக்குப் பெயர் கொடுத்தது ஐந்து பேர். மூன்று பேர் ஜனவரிப் பனியைப் பார்த்துப் பயந்து விட்டுவிட்டார்கள். மிஞ்சியது நானும் போஜனும். போஜன் படகர், என்னைவிடப் பத்து வயது சின்னவன். நல்லவன்தான். இப்போதும் நல்லவன் என்றுதான் சொல்வேன். இரண்டு பேரும் தேறினால் இரண்டு பேரையும் வைத்துக்கொள்வதாகக் கர்னல் சொல்லியிருந்தார், சனி ஞாயிறில் ஆள் பற்றாது என்று. அதனால் எங்களுக்குள் போட்டி இல்லை. அவன் எனக்கு உதவத்தான் வந்தான்.

பழகத் தொடங்கிய முதல் திங்கட்கிழமை நான் இருபது பந்து அடித்தேன், அவன் கைகட்டிக்கொண்டு பார்த்தான்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு போஜா."

"நீங்க பந்தைத் தூக்கிவிடப் பாக்கறீங்க. அது உங்க வேலை இல்ல, இரும்போட வேலை. இரும்பு சாஞ்சுதானே இருக்கு? நீங்க கீழ அடிங்க, அது தன்னால மேல போகும். பந்து மொத, மண்ணு அப்புறம். மண்ணைத் தொடாம அயர்ன் அடிக்க முடியாதுண்ணா."

கேட்டீர்களா? மண்ணை வெட்டு என்கிறான். கோல்ஃபைச் சொல்லிக்கொடு என்றால் விவசாயம் சொல்லிக்கொடுக்கிறான். அவன் வீட்டில் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள், அவனுக்கு அது கை வந்த வேலை. அறுவடை முடிந்த கிழங்கு வயல் ஒன்றில் போய்த்தான் அவன் பழகினான். பந்தே இல்லாமல், சுண்ணாம்புத் தூளில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் மண் தெறிக்க அடிப்பான். ஒரு நாளைக்கு இருநூறு. நான் போய் நின்று பார்ப்பேன். "போஜா, இன்னிக்கு எத்தனை கிலோ கிழங்கு?" என்பேன். அவனும் சிரிப்பான். "உங்களுக்கும் அரை மூட்டை தோண்டி வைக்கட்டுமாண்ணா?" என்பான்.

நான் அப்படிப் பழகவில்லை. வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் தேங்காய் நார் மிதியடியைப் போட்டு, அதன்மேல் பந்தை வைத்து, எதிரே பழைய போர்வை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். விடிந்ததும் நூறு பந்து, டூட்டி முடிந்து வந்ததும் நூறு. அக்டோபரில் தொடங்கியது. மிதியடியில் வைத்தால் பத்துக்குப் பத்து சார்! சத்தம் எப்படி வரும் தெரியுமா? சுத்தமாக. பந்தை மட்டும் வழித்து எடுக்கிற சத்தம். மிதியடியில் ஒரு நார்கூடப் பிரியாது. அதுதானே நல்ல கை? தேவையில்லாததைத் தொடாத கை?

ஆனால் திங்கட்கிழமை மைதானத்தில் வைத்தால் அதே கை, அதே அடி, பந்து மட்டும் எழும்பாது. இடுப்பு உயரத்தில் விர்ரென்று போகும், கிரீனில் பட்டு அந்தப் பக்கம் சைப்ரஸ் மரங்களுக்குள் ஓடிவிடும். இரும்பின் விளிம்பு பந்தின் வயிற்றில் படுகிறது என்றான் போஜன். உறைபனிக் காலையில் அப்படி ஒரு அடி பட்டால் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் கரண்ட் பிடித்த மாதிரி இருக்கும். டிசம்பர் முழுக்க என் இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். பிலோமி மஞ்சள் வைத்துக் கட்டிவிடுவாள். என் மனைவி.

அவளும் சும்மா இல்லை. ஒரு நாள் துணி காயப் போட வந்தவள் வாளியை வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

"ஏங்க, இது அடிக்கிற மாதிரியே இல்லையே."

"பின்னே எப்படி இருக்காம்?"

"தூங்குற பிள்ளை கன்னத்துல கொசு உக்காந்தா அடிப்போம் பாருங்க, அப்படி இருக்கு."

அவளுக்கு என்ன தெரியும்? சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

போனில் வீடியோ பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை தமிழில், அப்புறம் ஆங்கிலத்தில் படிப்பு. ஆங்கிலம் எனக்குப் பிரச்சினையே இல்லை. வெள்ளைக்காரன் ஒருத்தன், கொரியாக்காரி ஒருத்தி, எல்லாரும் போஜன் சொன்னதையேதான் சொன்னார்கள். பந்துக்கு அப்புறம் மண்ணை வெட்டு. உடம்பின் பாரத்தை முன்காலுக்குக் கொண்டுவா. நான் யோசித்தேன். அவர்கள் ஊர்ப் புல் வேறு. மழை பெய்தால் ஒரு வாரத்தில் மூடிக்கொள்ளும். நம் புல்லுக்கு இரண்டு மாதம் ஆகும், பனிக்காலமென்றால் மூன்று. அது அவர்களுக்குத் தெரியாது. புல்லைத் தெரியாதவன் பேச்சைப் புல்லைத் தெரிந்தவன் எப்படிக் கேட்பது? அதனால் என் பிழை வேறு எங்கோ இருக்கிறது என்று தேடினேன். முதலில் அயர்ன் மேல் சந்தேகம், மெம்பர் ஒருவர் கழித்துவிட்டது அது, தண்டு கொஞ்சம் நீளம். நீளத்தை வெட்டினேன். அப்புறம் ஷூ, மாற்றினேன். கண்ணில் கோளாறோ என்று மேட்டுப்பாளையம் வரை போய்க் கண்ணாடி போட்டேன். பந்தைக் கால் அங்குலம் முன்னால் வைத்தேன், கால் அங்குலம் பின்னால் வைத்தேன். அன்னை வேளாங்கண்ணிக்கு முடிகூட நேர்ந்துகொண்டேன். பிப்ரவரி வந்துவிட்டது.

தேர்வு அன்றைக்குக் காலை ஒன்பது மணி. கர்னல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கையில் அட்டை. கிரீன் பக்கத்தில் ஒருவர் எண்ணுவதற்கு நின்றார். முதலில் போஜன். பத்தில் எட்டு. ஒவ்வொன்றும் எழும்பிப் போய் நின்றது. நான் மனதாரக் கை தட்டினேன். ஆனால் அவன் நின்ற இடத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பத்து வெட்டு. கோழி கிளறினால்கூட அப்படி இருக்காது. பத்தைகள் நாலாபுறமும் கிடந்தன, வேர் மேலே பார்த்துக்கொண்டு.

"தனிஸ்லாஸ், வா" என்றார் கர்னல்.

எப்படி சார் போவது? அப்படியே போட்டுவிட்டு எப்படி நிற்பது? பத்தைகளைப் பொறுக்கினேன். இடுப்பில் மணல் புட்டி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, மணல் போட்டு, அழுத்தினேன்.

"யோவ், விடுய்யா. புல் பாக்கற மாலி பாத்துக்குவான். உனக்கு டெஸ்ட்டு."

"ஆயிடுச்சு சார், ரெண்டே நிமிஷம்."

போஜன் ஓடி வந்து என் தோளைப் பிடித்தான். "அண்ணா, கை ஈரமாவுது, எந்திரிங்க. நான் செய்யறேன், நீங்க போய் நில்லுங்க." அவன் அழுத்தினால் எப்படி அழுத்துவான் என்று எனக்குத் தெரியும். பத்தும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வெய்யில் கிரீனில் விழுந்திருந்தது. கொடி அசையவில்லை. இதைவிட நல்ல காலை யாருக்கும் கிடைக்காது.

முதல் பந்து சைப்ரஸுக்குள் போய்விட்டது. இரண்டாவதும். மூன்றாவது ஓடிப் போய் கிரீன் ஓரத்தில் எப்படியோ தங்கியது. ஒன்று. நாலாவது மரத்தில் பட்ட சத்தம் மட்டும் கேட்டது. ஐந்தாவது எங்கே போனது என்று எண்ணுகிறவருக்கே தெரியவில்லை.

ஆறாவது. குச்சியைத் தூக்கிவிட்டேன், இறக்கப் போகிறேன், அந்த நேரம் பார்த்து மேல் ரோட்டில் ஒரு லாரிக்காரன் ஏர் ஹாரன் அடித்தான். உடம்பு தூக்கிவாரிப் போட்டது. கை தன்பாட்டுக்குத் தொம்மென்று இறங்கிவிட்டது. கையில் ஒன்றுமே தெரியவில்லை சார், வெண்ணெயில் கத்தி போன மாதிரி. நிமிர்ந்து பார்க்கிறேன், பந்து மேலே நிற்கிறது. அப்புறம் இறங்கியது. கொடிக்கு ஒரு முழத்தில் விழுந்தது, விழுந்த இடத்திலேயே நின்றது.

கர்னல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அதுதான்யா! அதே மாதிரி அடி! இன்னும் நாலு இருக்கு, நாலும் நின்னா ஆறு!"

போஜன் குதிக்கிறான். "அண்ணா, அதேதான், அதேதான்!"

நான் கீழே பார்த்தேன். என் காலுக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு மண் தெரிந்தது. கறுப்பு மண். பத்தை எட்டடி தள்ளிப் போய்க் கிடந்தது. நான் வெட்டியது. பத்து வருஷத்தில் முதல் தடவை. போய் எடுத்தேன், வந்து வைத்தேன், கையாலேயே தட்டிச் சரிசெய்தேன். கர்னலைப் பார்த்து, "மன்னிச்சுக்கணும் சார், லாரிச் சத்தத்துல கை தவறிடுச்சு" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போஜன்தான் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டான்.

நாலும் நிற்க வேண்டும். நான் பதறவில்லை. அந்த மாதிரித் தப்பு இனி நடக்கக் கூடாது என்று மனதைக் கட்டினேன், மிதியடியை நினைத்துக்கொண்டேன், சுத்தமாக அடித்தேன். ஏழாவது சைப்ரஸுக்குள் போனது. அதோடு முடிந்துவிட்டது, ஆனாலும் மீதி மூன்றையும் அடிக்கச் சொன்னார்கள். ஒன்று தங்கியது. மொத்தம் மூன்று.

லாரிக்காரன் மட்டும் ஹாரன் அடிக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தாளம் தப்பியிருக்காது. ஆறாவதுக்கு அப்புறம்தான் மனசு கலைந்தது. இதைச் சொன்னால் போஜன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

மத்தியானம் கர்னல் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். "தனிஸ்லாஸ், நான் முப்பது வருஷமா ஆடறேன். புல்லை உன்னை மாதிரிப் பாக்கறவனை நான் பாத்ததில்ல. பெரிய மாலி ஜூன்ல ரிடயர் ஆறான். பதினெட்டு ஃபேர்வேயும் உன் கையில. எட்டு ஆள் உனக்குக் கீழ. அறுபது வயசு வரைக்கும் உன்னை யாரும் கேக்க மாட்டாங்க. என்ன சொல்றே?"

என்ன சொல்வேன்? தேர்வில் தோற்றவனைக் கூப்பிட்டு, நீ குனிகிறதுக்குத்தான் லாயக்கு என்கிறார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருந்தது, நான்தான் வைத்துவிட்டேன்.

பிலோமி ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சரி" என்றாள். பின்னால் போய் மிதியடியைத் தட்டிவிட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள், கால் துடைக்க. போஜன் மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். "அண்ணா, திங்கக்கிழமை வாங்க. ஆறாவது அடிச்சீங்களே, அந்த ஒண்ணையே நாம திரும்பத் திரும்ப அடிப்போம்" என்கிறான். நான் கை தவறி அடித்த ஒரே அடியை எனக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறானாம். கோச்! நான் உள்ளேயே இருந்துகொண்டு, தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டேன்.

இப்போது கோயம்புத்தூர் போகிறேன். ஏஜெண்ட் ஆபீஸ். வளைகுடாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான். ஆமாம் சார், புல் வேலைதான். எனக்கு வேறு என்ன தெரியும்?

நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. இங்கே எட்டு ஆளுக்கு மேலாளாக இருக்க வேண்டாம் என்று சொன்னவன் அங்கே எட்டோடு ஒன்பதாக எதற்குப் போகிறாய் என்றுதானே? பிலோமியும் இதையே கேட்டாள். அவளிடம் பதில் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் மேட்டுப்பாளையத்தில் இறங்கிப் போய்விடுவீர்கள். அங்கே நான் அடித்ததை யாரும் பார்க்கவில்லை சார். இங்கே அந்த ஃபேர்வேயில் நான் உட்கார்ந்து களை பிடுங்குவேன், போஜன் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி அடிக்கச் சொல்வான், வெட்டு, இன்னும் ஆழமாக வெட்டு என்பான், பெயர்ந்ததெல்லாம் என் பக்கம் வந்து விழும். அதற்கு அந்த வெய்யிலே மேல்.

ரம்பச் சத்தம் கேட்கிறதா? வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. இன்னும் கால் மணி நேரம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அதற்குள் கேட்டுவிடுகிறேன். இதோ, ஏஜெண்ட் அனுப்பின படிவம். போனில் வந்தது, பிரிண்ட் எடுத்தேன். எல்லாம் நிரப்பிவிட்டேன். அனுபவம், பதினொரு வருஷம். வயது, நாற்பத்துநாலு என்று போட்டிருக்கிறேன், நாற்பத்தைந்துக்கு மேல் வேண்டாம் என்கிறான். பாஸ்போர்ட்டில் வேறு இருக்கும்தான். அதை அவன் பார்க்கும்போது பார்க்கட்டும். கடைசியில் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது, இங்கே பாருங்கள். முந்தைய வேலையை விட்டதற்கான காரணம். ஒரு வரிக்கு மேல் இடமும் இல்லை.

இரண்டு நாளாக யோசிக்கிறேன் சார், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முழுக்கதையும் இப்போது கேட்டீர்கள் அல்லவா. இந்த இடத்தில் நான் என்ன எழுதட்டும்?